ரிவால்வரை நம் கைக்கு ஏற்ப மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுடுதளத்தில் ஒருவர் கையில் பிடி மாற்றிய ரிவால்வரைப் பார்த்தால் போதும், பக்கத்தில் இருப்பவர்கள் கேள்வியை ஆரம்பித்துவிடுவார்கள். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். திரும்பத் திரும்பச் சொல்வதற்குப் பதில் எழுதி வைத்துவிடலாமே என்று தோன்றியது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறேன்.

உரிமத்தோடு, சட்டப்படி வைத்திருக்கும் துப்பாக்கியைப் பற்றித்தான் இங்கே பேச்சு. கீழே சொல்லும் எந்த வேலைக்கும் முன்னால் தோட்டாக்கள் இருக்கும் சுழல் உருளையான சிலிண்டரைத் திறந்து, எல்லா அறையும் காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துக்கொள்ளுங்கள். தோட்டாக்கள் அந்த மேசையிலேயே இருக்கக் கூடாது.

1. புது ரிவால்வர் வாங்கியாச்சு. முதல்ல எதை மாத்தணும்?

ஒன்றையும் மாற்ற வேண்டாம். ஒரே வகைத் தோட்டாவில் சில நூறாவது சுட்ட பிறகுதான் குறை துப்பாக்கியிலா கையிலா என்று தெரியும். புது ரிவால்வரின் ட்ரிகர் ஓட ஓடக் கொஞ்சம் தானாகவே மழமழவென்று ஆகும்.

அப்புறமும் ஏதோ உறுத்தினால் பிடி, அதற்குப் பிறகு குறி பார்க்கும் சைட், அதற்குப் பிறகு ஸ்பிரிங் என்ற வரிசையில் போங்கள். முதல் இரண்டையும் கழற்றிப் பழையபடி மாட்டிவிடலாம். உலோகத்தை அறுப்பது, தேய்ப்பது எல்லாம் கடைசி. ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். மூன்றை ஒன்றாக மாற்றிவிட்டு, எது உதவியது எது கெடுத்தது என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது.

2. டபுள் ஆக்‌ஷன், சிங்கிள் ஆக்‌ஷன்னு சொல்றாங்களே, மாத்துறதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. சிங்கிள் ஆக்‌ஷனில் கட்டைவிரலால், தோட்டாவை வெடிக்க அடிக்கும் ஹேமரைப் பின்னால் இழுத்து வைக்கிறோம். ட்ரிகர் அதை விடுவிக்கிறது, அவ்வளவுதான். டபுள் ஆக்‌ஷனில் சிலிண்டரைச் சுழற்றுவது, ஹேமரைத் தூக்குவது, விடுவிப்பது எல்லாம் ட்ரிகரின் ஒரே இழுப்பில் நடக்கும். அதனால்தான் கடையிலிருந்து வந்த ரிவால்வரில் சிங்கிள் ஆக்‌ஷன் இழுப்பு 1.5 முதல் 2 கிலோ வரையும், டபுள் ஆக்‌ஷன் 4.5 முதல் 6 கிலோ வரையும் இருப்பது சகஜம்.

நீங்கள் பெரும்பாலும் எப்படிச் சுடுகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். நிதானமாக ஒரு கையில் இலக்குச் சுடுபவருக்கு அகலமான, வரி போட்ட ட்ரிகர் பிடிக்கும். டபுள் ஆக்‌ஷனில் வேகமாகச் சுடுபவருக்கு அதே வரிகள் விரலை அறுக்கும். இழுக்கும்போது விரல் சற்று வழுக்க வேண்டும் என்பதால் அவருக்கு வழவழப்பான, குறுகிய ட்ரிகர்தான் சரி. ஒருவருக்கு முன்னேற்றமாக இருப்பது இன்னொருவருக்குத் தொந்தரவு.

3. பிடியை மாத்தினா அவ்ளோ வித்தியாசம் வருமா?

வரும். என் கணக்கில், செலவிடும் பணத்துக்கு இவ்வளவு பலன் தரும் மாற்றம் வேறு இல்லை. பார்க்க வேண்டியது ட்ரிகருக்கு விரல் எட்டும் தூரம். கையை உயரமாகப் பிடித்து, குழல் முன்கையோடு நேர்கோட்டில் இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். டபுள் ஆக்‌ஷனுக்கு ஆள்காட்டி விரலின் முதல் மூட்டு மடிப்பு ட்ரிகரில் விழ வேண்டும். சிங்கிள் ஆக்‌ஷனுக்கு விரல் நுனிச் சதை போதும். மடிப்பு எட்டவில்லை என்றால், நம்மை அறியாமலே கையைத் திருகிப் பிடிப்போம். குண்டு பக்கவாட்டில் போவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

பிடிகளில் இரண்டு ஜாதி. ஒன்று துப்பாக்கியின் உலோக உடலான ஃப்ரேமின் பின்பக்க உலோகத்தை மூடாமல் விடும். எட்டும் தூரம் குறையும், சிறிய கைக்கு நல்லது. இன்னொன்று பின்பக்கத்தையும் மூடும். உதைப்பு மெத்தென்று இருக்கும், ஆனால் விரல் இன்னும் தூரம் போக வேண்டும். நடுவிரல் முட்டியில் ட்ரிகர் கார்டு இடித்துக் காய்த்துப்போகிறது என்றால், கார்டுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தை நிரப்பும் பிடி தேவை. விரல் பள்ளம் வெட்டிய பிடிகளை நான் சிபாரிசு செய்வதில்லை. அந்தப் பள்ளங்கள் வேறு யாருடைய விரலுக்கோ அளவெடுத்தவை.

வாங்கும் முன் உங்கள் ஃப்ரேம் எது என்று பாருங்கள். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனியின் ரிவால்வர்களில் ஜே, கே, எல், என் என்று அளவுகள் உண்டு. அடிப்பாகம் உருண்டையா சதுரமா என்பதும் முக்கியம். ரூகர் ஜிபி100-ல் பிடிக்குள் ஒரு சிறு தண்டு மட்டுமே இருப்பதால், பிடி செய்பவர் இஷ்டப்பட்ட வடிவத்தில் செய்யலாம். இடப்பக்கப் பலகையின் மேல்பகுதி குடைந்து எடுக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் எல்லாத் தோட்டாவையும் ஒரே நேரத்தில் போட உதவும் ஸ்பீட்லோடர் அதில் முட்டும், காலி உறைகளும் விழாமல் மாட்டும்.

4. ரப்பரா, மரமா?

உதைப்பு அதிகமுள்ள தோட்டாவுக்கு ரப்பர். இடுப்பில் மறைத்து வைப்பவருக்கு மரம், ஏனென்றால் ரப்பர் சட்டையைப் பிடித்துக்கொண்டு தூக்கிக் காட்டிவிடும். மற்றபடி ரசனை.

5. சரியாத்தான் குறி பாக்கறேன், ஆனா குண்டு கீழேயே போகுது. முன் சைட்டை அரம் போட்டுக் குறைச்சிடலாமா?

அரத்தைக் கீழே வையுங்கள். முதலில் கை இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிலிண்டரில் சில அறைகளில் டம்மித் தோட்டாவைப் போட்டு, எது எங்கே என்று தெரியாதபடி நண்பரைச் சுழற்றி மூடச் சொல்லுங்கள். டம்மியில் ஹேமர் விழும்போது குழல் முனை கீழே குத்தினால், பிரச்சினை சைட்டில் இல்லை.

கை நன்றாக இருந்தால் தோட்டாவை மாற்றிப் பாருங்கள். ரிவால்வரில் கனமான குண்டு பொதுவாக மேலே விழும். அது மெதுவாகப் போவதால், குழலை விட்டு வெளியேறும் முன் உதைப்பு குழலைக் கூடுதலாக மேலே தூக்கிவிடுகிறது. .357 மேக்னம் என்ற தோட்டா வகையில் 8.1 கிராம் குண்டையும் 10.2 கிராம் குண்டையும் ஒரே இலக்கில் சுட்டால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். நிலையான சைட் உள்ள பல ரிவால்வர்கள் ஏதோ ஒரு எடைக்கு அளவு பார்த்துத்தான் வெளியே வருகின்றன.

இதற்குப் பிறகும் கீழே போனால் கணக்குப் போடுங்கள். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே உள்ள தூரத்தைக் குண்டு தவறிய அளவால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகுக்க வேண்டும். சைட்டுகளுக்கிடையே 150 மில்லிமீட்டர், 25 மீட்டரில் 50 மில்லிமீட்டர் கீழே என்றால், முன் சைட்டில் குறைக்க வேண்டியது வெறும் 0.3 மில்லிமீட்டர். மூன்று தாள் கனம். அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுச் சுட்டுப் பார்க்க வேண்டும். தேய்த்த உலோகம் திரும்பி வராது. பின் சைட் திருகும் வகையாக இருந்தால் இந்த அவஸ்தையே இல்லை: குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பின் சைட்டை நகர்த்துங்கள்.

6. முன் சைட் மங்கலாத் தெரியுது. ரெட் டாட் போடலாமா?

போடலாம். கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டும் சைட் அது. சிலிண்டருக்கு மேலே போகும் மேல்பட்டையில் துளையும் மரையும் ஏற்கெனவே உள்ள மாடல் என்றால் வேலை சுலபம். இல்லாததில் துளை போடுவது துப்பாக்கி வேலை தெரிந்தவரின் கையில் இருக்கட்டும். டாட் இருந்தால் கண் ஒரே தூரத்தைப் பார்த்தால் போதும் என்பதால், வயதான கண்ணுக்குப் பெரிய நிம்மதி. பதிலுக்கு எடை கூடும், துப்பாக்கி வைக்கும் உறை மாற வேண்டும், பேட்டரி பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதற்கு முன் சின்ன வழி ஒன்று இருக்கிறது. பின் சைட்டின் பள்ளத்தை அகலமான ஒன்றாக மாற்றினால், முன் சைட்டின் இருபுறமும் வெளிச்சம் கூடுதலாகத் தெரியும். வெயிலில், வெளிச்சத்தை வாங்கி மின்னும் ஃபைபர் ஆப்டிக் முன் சைட்டும் பளிச்சென்று இருக்கும். காகித இலக்கில் துல்லியம் பார்ப்பவர்களுக்கு மட்டும், எதுவும் மின்னாத கறுப்புச் சதுரமே இன்றும் நல்லது.

7. ட்ரிகர் கல்லு மாதிரி இருக்கு. லேசான ஸ்பிரிங் செட் வாங்கிப் போட்டா போதுமா?

ட்ரிகர் லேசாகிவிடும், சந்தேகமில்லை. அந்த லேசு எங்கிருந்து வருகிறது என்பதுதான் விஷயம். ரிவால்வருக்குள் முக்கியமாக இரண்டு ஸ்பிரிங். ஒன்று ஹேமரை அடிக்க வைக்கிறது, மற்றது ட்ரிகரை முன்னால் திருப்பித் தள்ளுகிறது. முதலாவதைக் குறைத்தால் உறையின் அடியில் அடிபட்டுப் பற்றும் ப்ரைமரின் மீது விழும் அடி குறையும். கடினமான ப்ரைமர் வெடிக்காது. இரண்டாவதைக் குறைத்தால் ட்ரிகர் சோம்பலாகத் திரும்பும்; வேகமாகச் சுடும்போது அது முழுதாகத் திரும்பும் முன்னே விரல் மறுபடி இழுத்துவிடும், இழுப்பு பாதியில் நிற்கும்.

போட்டிக்காரர்கள் சிலர் ஃபெடரல் ப்ரைமர் போட்ட தோட்டா மட்டுமே சுடுவார்கள். அது லேசான அடிக்கே பற்றிக்கொள்ளும் என்று பெயர் எடுத்தது. போட்டித் துப்பாக்கிக்கு அது சரி. தற்காப்புக்கு வைத்திருக்கும் ரிவால்வர் எந்தத் தோட்டாவைப் போட்டாலும் வெடிக்க வேண்டும், அதனால் அதில் ஹேமர் ஸ்பிரிங்கைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. போட்டி விதியையும் பாருங்கள்: சர்வதேச 25 மீட்டர் சென்டர் ஃபயர் (ப்ரைமர் உறை அடியின் நடுவில் இருக்கும் தோட்டா வகை) போட்டியில் ட்ரிகர் குறைந்தது 1000 கிராம் தாங்க வேண்டும், துப்பாக்கி 1400 கிராமைத் தாண்டக் கூடாது, குழல் 153 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும்.

இன்னொன்று. "டிக்" என்று சத்தம் வந்து வெடிக்கவில்லை என்றால் உடனே திறக்காதீர்கள். இலக்கை நோக்கியே அரை நிமிடம் பிடித்திருங்கள், தாமதமாகவும் வெடிக்கலாம். டபுள் ஆக்‌ஷனில் கை தானாக அடுத்த அறைக்கு இழுக்கப் பார்க்கும், அதையும் அடக்க வேண்டும்.

8. ஸ்பிரிங் வாங்கவே வேண்டாம், பிடிக்கு அடியில இருக்கிற திருகைத் தளர்த்தினா போதும்னு நண்பர் சொல்றாரே?

ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் பெரிய ஃப்ரேம்களில் பட்டை ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் திருகு அது. பிடியின் முன்பக்கம், கீழே இருக்கும். முழுக்க இறுக்கி வைக்கத்தான் வடிவமைத்திருக்கிறார்கள். தளர்த்தினால் முதல் நாள் நன்றாக இருக்கும். சுடச் சுட அதிர்வில் தானாக இன்னும் தளரும், அப்புறம் 7-ல் சொன்ன "டிக்". பழைய துப்பாக்கி வாங்கி அடிக்கடி வெடிக்காமல் போனால், முதலில் இந்தத் திருகைத்தான் பாருங்கள். பலமுறை முன்னாள் சொந்தக்காரரின் கைவேலை அங்கே இருக்கும்.

9. காலித் துப்பாக்கியில ட்ரிகரை இழுத்துப் பழகினா கெட்டுப்போயிடுமா?

இக்கால சென்டர் ஃபயர் ரிவால்வரில் பொதுவாகக் கெடாது. மனநிம்மதிக்கு ஸ்னாப் கேப் என்னும் போலித் தோட்டாவைப் போட்டுக்கொள்ளலாம். உறை விளிம்பில் அடிபட்டு வெடிக்கும் .22 ரிம்ஃபயரில் வேண்டாம். தோட்டாவை அடிக்கும் ஊசி அறையின் விளிம்பில் அடித்து நசுக்கக்கூடும். கையேட்டில் என்ன சொல்லியிருக்கிறது என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

கனமான ட்ரிகருக்கு நான் முதலில் சொல்லும் மருந்தும் இதுதான். தினம் கொஞ்ச நேரம், முன் சைட் ஆடாமல், நிறுத்தாமல் ஒரே சீராக இழுத்துப் பழகுங்கள். ஒரு மாதம் கழித்து ஸ்பிரிங் செட் வேண்டுமா என்று யோசிக்கலாம். பாதிப் பேர் அதற்குள் அந்தக் கேள்வியை மறந்துவிடுவார்கள்.

10. உள்ளே பாலிஷ் பண்ணினா வெண்ணெய் மாதிரி ஆகுமாமே. வீட்டிலேயே பண்ணலாமா?

சுத்தம் செய்து, பழைய எண்ணெய்ப் பிசுக்கை எடுத்து, புதிதாக லேசாக எண்ணெய் விடுவது வரை வீட்டில் செய்யலாம். பல "கரடுமுரடு" ட்ரிகர்கள் அதிலேயே சரியாகிவிடும். பக்கத் தகட்டைத் திறக்கும்போது ஸ்க்ரூடிரைவரை இடுக்கில் விட்டு நெம்பவே கூடாது. திருகுகளைக் கழற்றிவிட்டு, மரப்பிடி மாட்டும் உலோகப் பகுதியில் பிளாஸ்டிக் கைப்பிடியால் லேசாகத் தட்டினால், அதிர்வில் தகடு தானாக எழும்பும். திருகுகளை எந்தத் துளையிலிருந்து எடுத்தோமோ அந்த வரிசையில் வைக்க வேண்டும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் முன்பக்கத் திருகு, சிலிண்டரைத் தாங்கி வெளியே திறக்கும் கையைப் பிடிப்பது. அது இடம் மாறக் கூடாது.

ஹேமரும் ட்ரிகரும் ஒன்றையொன்று பிடிக்கும் விளிம்புகளை மட்டும் தொடாதீர்கள். பல துப்பாக்கிகளில் அந்தப் பாகங்களின் மேற்பரப்பு மட்டுமே கெட்டிப்படுத்தப்பட்டிருக்கும், அந்த அடுக்கு மெல்லியது. கல் போட்டு அதைத் தாண்டிவிட்டால், அன்றைக்கு அருமையாக இருக்கும் ட்ரிகர் கொஞ்ச நாளில் தேய்ந்து, இழுத்து வைத்த ஹேமர் தட்டினாலே விழும் நிலைக்கு வரும். கோணம் மாறினாலும் அதே ஆபத்து. இது கைதேர்ந்தவருக்குக் காசு கொடுத்துச் செய்ய வேண்டிய வேலை.

11. உள்ளே ஒரு மெல்லிசு பட்டை இருக்கு. அதை எடுத்துட்டா இழுப்பு இன்னும் லேசாகும்னு சொல்றாங்க. எடுக்கலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் "கூடாது" என்று நான் ஒட்டுமொத்தமாகச் சொல்லும் பதில்களில் இது முதலாவது. அது ஹேமர் பிளாக். ட்ரிகர் இழுக்காதபோது ஹேமருக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே நின்று, துப்பாக்கி கீழே விழுந்தாலும் ஊசி ப்ரைமரைத் தொடாமல் பார்த்துக்கொள்ளும். 1944-ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் விக்டரி ரிவால்வர் ஒன்று போர்க்கப்பலின் இரும்புத் தளத்தில் விழுந்து வெடித்ததில் ஒரு மாலுமி இறந்தார். அதற்குப் பிறகுதான் நம்பகமான புது ஹேமர் பிளாக்கை வைத்தார்கள். எடுப்பதால் இழுப்பில் கிடைக்கும் லாபமும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

ரூகரில் அதே வேலையை ட்ரான்ஸ்ஃபர் பார் செய்கிறது. 1973 முதல் அவர்களுடைய சிங்கிள் ஆக்‌ஷன்களிலும் உண்டு. அது இல்லாத பழைய பாணி சிங்கிள் ஆக்‌ஷன் என்றால், ஆறு அறையில் ஐந்தை மட்டும் நிரப்பி, ஹேமரைக் காலி அறை மேல் வைப்பதுதான் வழக்கம்.

12. ஹேமர் கொண்டி துணியில மாட்டுது. வெட்டிடலாமா?

டபுள் ஆக்‌ஷனில் மட்டும் சுடுபவர், கட்டைவிரல் வைத்து இழுக்கும் அந்தக் கொண்டியை வெட்டலாம். ஹேமர் எடை குறைவதால் அடியும் மாறும். ஸ்பிரிங் குறைத்த துப்பாக்கியில் இதையும் செய்தால் 7-ல் சொன்ன தொல்லை கூடலாம். கொண்டி இல்லாத ஹேமரை சிங்கிள் ஆக்‌ஷனுக்கு இழுத்து வைத்துவிட்டால், சுடாமல் பத்திரமாக இறக்குவது மகா சிரமம். அதனால் வெட்டுபவர்கள் சிங்கிள் ஆக்‌ஷன் பிடிப்பையும் சேர்த்தே எடுத்துவிடச் சொல்வது நல்லது. மாற்று ஹேமர் கிடைத்தால் பழையதை வெட்டாமல் பெட்டியில் வையுங்கள்.

13. சீக்கிரம் தோட்டா போடறதுக்கு என்ன பண்ணலாம்?

அறை வாய்களின் கூர்மையை லேசாக மழுக்குவது முதல் வழி. கூர்மை போனால் போதும். பெரிய சரிவாக வெட்டினால் உறைக்கு அங்கே ஆதரவு குறையும். உறையை வெளியே தள்ளும் நட்சத்திரத் தகட்டில் கை வைக்கக் கூடாது. உறையின் விளிம்பு அதன் அடியில் நழுவினால், தோட்டா வேகமாகப் போடுவது இருக்கட்டும், காலி உறையையே எடுக்க முடியாது.

இரண்டாவது, மூன் கிளிப். ஆறு தோட்டாவும் ஒரே தகட்டில் கோத்து உள்ளே போகும், ஒன்றாகவே வெளியே வரும். முதல் உலகப் போரில் விளிம்பில்லாத .45 தோட்டாவை ரிவால்வரில் போடுவதற்காக வந்த யோசனை. 1999-ல் அமெரிக்கச் சுடும் வீரர் ஜெர்ரி மிக்குலெக் ஆறு தோட்டா ரிவால்வரில் ஆறு சுட்டு, நிரப்பி, மறுபடி ஆறு சுட்டதற்கு ஆன நேரம் 2.99 வினாடி. மற்ற சிலிண்டர்களின் பின்பக்கத்தையும் இதற்காகக் கடைந்து தருவார்கள். கிளிப் துளி வளைந்தாலும் சிலிண்டர் உரசி ட்ரிகர் கனக்கும். தட்டையான கண்ணாடி மேல் வைத்து ஆடுகிறதா என்று பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

14. .38 ஸ்பெஷல் ரிவால்வரோட அறையைக் கொஞ்சம் ஆழமாக்கினா .357 போடலாமே?

தோட்டா உள்ளே போகும். துப்பாக்கி தாங்கும் என்று யார் சொன்னது? .357 உறை சுமார் 3 மில்லிமீட்டர் நீளமாக வைக்கப்பட்டதே, அது .38 அறையில் நுழையாமல் இருக்கத்தான். .38 ஸ்பெஷலின் அழுத்த வரம்பு 17,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு பவுண்டு); .357-க்கு 35,000. இரு மடங்குக்கு மேல். இது இரண்டாவது "கூடாது".

தலைகீழாக, .357 ரிவால்வரில் .38 போடுவது முற்றிலும் சரி. ஒரே தொல்லை, குட்டை உறையின் வாய்க்கு முன்னால் கரி வளையம் படியும். அதைத் தேய்த்து எடுக்காமல் .357 போட்டால் இறுகும்.

15. குழலைக் குட்டையாக்கறது, முனையில துளை போடறது?

குட்டையாக்கினால் வேகம் குறையும், சைட்டுகளுக்கிடையே தூரம் குறையும், முனை விளிம்பைத் திரும்பச் சீராக வெட்ட வேண்டும். அதைவிட, சட்டம். கனடாவில் 105 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் குறைந்த குழல் தடை செய்யப்பட்ட வகைக்குள் போய்விடும். பிரிட்டனில் குழல் 30 சென்டிமீட்டருக்கோ மொத்த நீளம் 60 சென்டிமீட்டருக்கோ குறைந்த கைத்துப்பாக்கிகள் பொதுவாகவே தடை. உங்கள் நாட்டு விதியையும் உரிமத்தில் எழுதியிருப்பதையும் படிக்காமல் ரம்பத்தை எடுக்காதீர்கள்.

முனைத் துளைகள் குழல் மேலே எழும்புவதைக் குறைக்கும். பதிலுக்குச் சத்தமும் நெருப்பும் மேல்பக்கமாக வரும். பக்கத்தில் நின்று சுடுபவர் உங்களை நேசிக்க மாட்டார்.

16. என்னோடது ரொம்ப லேசான மாடல். அஞ்சாவது தோட்டா வர்றதுக்குள்ள சிலிண்டர் மாட்டிக்குது. டைமிங் போச்சா?

டைமிங், அதாவது ஹேமரோடு ஒத்து சிலிண்டர் சுழன்று பூட்டும் நேரம், அப்புறம். முதலில் தோட்டாவைப் பாருங்கள். லேசான துப்பாக்கி வெடுக்கென்று பின்னால் உதைக்கும்போது, சுடாத தோட்டாக்களின் உறை பின்னால் போகும்; குண்டு இருந்த இடத்திலேயே நிற்கப் பார்த்து உறையிலிருந்து துருத்தும். அது சிலிண்டரின் முன்முகத்தைத் தாண்டி நீட்டினால் சுழற்சி நின்றுவிடும். கடைசித் தோட்டாவின் நீளத்தைச் சுடும் முன் அளந்து வையுங்கள், மற்றவற்றைச் சுட்டபின் மறுபடி அளந்து பாருங்கள். வளர்ந்திருந்தால், உறை வாயை இறுக்கமாக மடித்த வேறு தோட்டாவுக்கு மாற வேண்டும். துப்பாக்கியில் எந்த வேலையும் தேவையில்லை.

17. தாத்தா காலத்து ரிவால்வர் ஒண்ணு இருக்கு. அதை இப்படியெல்லாம் மாத்தலாமா?

பிடியைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு வேறு பிடி மாட்டுங்கள், அதோடு நிறுத்துங்கள். திரும்ப மெருகு போட்டாலே சேகரிப்பாளர் கண்ணில் மதிப்பு சரியும். நிக்கல் பூச்சு என்றால் அம்மோனியா கலந்த கரைசலால் துடைக்க வேண்டாம்; பூச்சுக்கு அடியில் புகுந்து உரிக்கும்.

18. எல்லாம் மாத்தியாச்சு. இப்போ சரியா இருக்கான்னு எப்படிப் பாக்கறது?

காலித் துப்பாக்கியில், சிலிண்டரை விரலால் லேசாகத் தடுத்துக்கொண்டே ஹேமரை மிக மெதுவாக இழுங்கள். ஹேமர் பூட்டும் முன் சிலிண்டர் "கிளிக்" என்று பூட்டிவிட வேண்டும். ஒவ்வொரு அறைக்கும் தனித்தனியாகப் பாருங்கள். ஐந்து சரியாக இருந்து ஆறாவது பிந்துவது உண்டு. அடுத்து, இழுத்து வைத்த ஹேமரைக் கட்டைவிரலால் முன்னோக்கி நன்றாக அழுத்துங்கள். விழவே கூடாது. சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்தால் 0.10 முதல் 0.20 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும்.

பிறகு சுடுதளத்தில், முதலில் ஒரே ஒரு தோட்டா, அப்புறம் இரண்டு, அப்புறம்தான் முழுதாக. நீங்கள் வழக்கமாகச் சுடும் தோட்டாவிலேயே டபுள் ஆக்‌ஷனில் சுடுங்கள். லேசான அடியின் குறை அதில்தான் முதலில் வெளிப்படும், ஏனென்றால் பல மாடல்களில் டபுள் ஆக்‌ஷனில் ஹேமர் முழுத் தூரம் பின்னால் போகாமலே விடுபடுகிறது. ஒரு பெட்டியில் ஒரு "டிக்" வந்தாலும் பழைய ஸ்பிரிங்கைத் திருப்பி மாட்டுங்கள். ஹேமர் அழுத்தத்தில் விழுந்தால் அதற்கு ஸ்பிரிங் மருந்து இல்லை. வேலை தெரிந்தவர் பார்க்கும் வரை அதில் தோட்டா போடக் கூடாது.